சீன நிலவியலில் கணினி: 1973 கணக்கில் வருமா, வராதா?

கல்லுளி:
நேற்று வேறோர் இழையில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "சீன நிலவியலாளர்கள் 1978 வரை சுத்தியலைத் தவிர எதையும் தொட்டதில்லை. கணினியும் கணித முறைகளும் டெங் சியாவோபிங் கதவைத் திறந்த பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை." இதற்கு நாலு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

பீக்கிங் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு 150 என்ற கணினி உருவானது 1973இல். டிஜேஎஸ்-11 என்றும் சொல்வார்கள். விநாடிக்குப் பத்து லட்சம் கணக்கீடுகள். சீனாவில் அந்த வேகத்தைத் தொட்ட முதல் இயந்திரங்களில் ஒன்று அது. கலாச்சாரப் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில், வெளியிலிருந்து இயந்திரம் வாங்க வழியில்லாத நிலையில் செய்தார்கள். யாருக்காகச் செய்தார்கள்? எண்ணெய் தேடுகிறவர்களுக்காக. 1973 பெரியதா 1978 பெரியதா என்று எழுதியவரே சொல்லட்டும்.

ஆற்றுமணல்:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம்.

150 இயந்திரம் நில அதிர்வுப் பதிவுகளைக் கணக்கிட வந்தது. அது புவி இயற்பியல். நான் எழுதியது நிலவியல். பாறையைப் பார்த்து, படிவங்களைப் பிரித்து, கனிமம் எங்கே இருக்கும் என்று சொல்கிறவர்களைப் பற்றி. எண்ணெய் அமைச்சகத்தின் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிலவியல் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. இன்னொன்று, அவ்வளவு நல்ல இயந்திரம் கையில் இருந்தால் 1976இல் அமெரிக்காவின் சைபர் 172 கணினிகளை எதற்கு வாங்கப் போனார்கள்? அமெரிக்க அதிபர் ஃபோர்டின் அரசு அனுமதி கொடுத்த பிறகுதானே கிடைத்தது?

கல்லுளி:
வந்துவிட்டீர்களா, நல்லது.

நில அதிர்வுப் பதிவு என்றால் என்னவென்று கொஞ்சம் பார்ப்போம். தரையில் வெடி வைக்கிறார்கள். அதிர்வு கீழே போய் ஒவ்வொரு பாறை அடுக்கிலும் மோதித் திரும்புகிறது. தரையில் வரிசையாகப் பதித்த கருவிகள் அதைப் பதிகின்றன. ஒரே புள்ளியிலிருந்து திரும்பிய அதிர்வு பல பதிவுகளில், வெவ்வேறு நேரத் தாமதத்தோடு இருக்கும். தூரத்துக்கு ஏற்பத் தாமதத்தைத் திருத்தி எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால் இரைச்சல் அமுங்கி அடுக்கு மேலே தெரியும். இதை எத்தனை ஆயிரம் புள்ளிகளுக்குக் கையால் செய்வீர்கள்? கணினி இல்லாமல் ஆகாது. அப்படிக் கிடைக்கும் படத்தில் தெரிவது என்ன? மடிப்பு, பிளவு, படிவத்தின் தடிமன். இதெல்லாம் நிலவியல் இல்லையென்றால் சமையலா?

சைபர் வாங்கினார்கள் என்றால் அதற்கு முன் எதுவும் இல்லை என்று எப்படி ஆகும்? பைக் வைத்திருந்தவன் கார் வாங்கினால், அதுவரை நடந்தே போனான் என்று சொல்வீர்களா? 1973. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய மாணவன்:
இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சீனாவில் கணித நிலவியல் என்றாலே முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜாவ் பெங்தா. 1931இல் பிறந்தவர். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் நிலவியல் முடித்து, மாஸ்கோ போய் 1958இல் பட்டத்தோடு திரும்பினார். 1970களில் நாஞ்சிங்குக்கும் வூஹூவுக்கும் இடைப்பட்ட நிங்வூ பகுதியில் இரும்புத் தாதுவைப் புள்ளியியல் முறையில் கணித்தது இவர் குழு.

முறை இதுதான். வரைபடத்தின் மேல் சதுரக் கட்டம் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கேள்விகள்: காந்த அளவீடு உயர்கிறதா, தாதுவோடு சேர்ந்து வரும் ஊடுருவிய பாறை இருக்கிறதா, பாறை வேதிமாற்றம் அடைந்திருக்கிறதா, பிளவு ஓடுகிறதா. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. ஏற்கெனவே தாது கிடைத்த கட்டங்களை வைத்து எந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் என்று கணக்கிட்டு, மீதிக் கட்டங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். எங்கே துளை போடுவது என்பதை ஒரு மூத்தவரின் உள்ளுணர்வுக்கு மட்டும் விட்டுவிடாத முறை இது. பல்கலைக்கழகங்கள் சிதறிக் கிடந்த காலத்தில், பெய்ஜிங் நிலவியல் கல்லூரியையே ஹூபெய்க்குப் பெயர்த்து அனுப்பிய காலத்தில், இந்த வேலையை விடாமல் பிடித்தவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

ஆற்றுமணல்:
மரியாதை தாராளமாக உண்டு. ஆனால் ஜாவ் பெங்தாவுக்கு 1992இல் கிடைத்தது எந்தப் பதக்கம்? கணித நிலவியலுக்குத் தரும் க்ரம்பைன் பதக்கம். க்ரம்பைன் யார்? அமெரிக்க நிலவியலாளர். அவரும் சக நிலவியலாளர் ஸ்லாஸும் ஐபிஎம் 650 கணினிக்கான நிலவியல் நிரலை அச்சில் வெளியிட்டது 1958. உங்கள் 1973க்குப் பதினைந்து வருடம் முன்பு. நான் சொன்னதைத்தான் நீங்கள் நிரூபிக்கிறீர்கள், நன்றி.

கல்லுளி:
அமெரிக்கா முந்தியதா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நீங்கள் எழுதியது "1978 வரை எதையும் தொட்டதில்லை". அந்த வாக்கியத்தை விட்டு ஏன் நழுவுகிறீர்கள்?

இது உங்களுக்குப் புதிதும் இல்லை. போன மாதம் சீனாவின் ஹைசெங் நிலநடுக்கம் பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள். 1975 பிப்ரவரி 4 அன்று நிலநடுக்கத்துக்கு முன்பே மக்களை வெளியேற்றினார்கள் என்று சொன்னபோது, அடுத்த வருடம் முன்னெச்சரிக்கை இல்லாமல் நிலநடுக்கம் தாக்கிய தாங்ஷானுக்குத் தாவினீர்கள். தாங்ஷானைப் பற்றிப் பேசியபோது கலிஃபோர்னியாவுக்குத் தாவினீர்கள்.

ஆற்றுமணல்:
ஹைசெங்கில் முன்னதிர்வுகள் தொடர்ந்து வந்தன, அதனால் வெளியேற்றினார்கள். அதில் என்ன கணிதம்? அந்த இழையிலும் நீங்கள் இதற்குப் பதில் சொல்லவில்லை. இங்கே வந்து பழைய கணக்கைத் தீர்க்கிறீர்கள்.

செம்பாறை:
அமெரிக்கா, சீனா என்று இரண்டே நாடுகள்தான் உலகத்தில் இருக்கின்றனவா? ஜாவ் பெங்தா படித்தது மாஸ்கோவில். சீனாவின் முதல் கணினியான 103 இயங்கியது 1958இல், சோவியத் எம்-3 வரைபடங்களை வைத்து. கணித நிலவியலுக்கான சர்வதேச சங்கம் 1968 ஆகஸ்டில் ப்ராகில் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் விஸ்டேலியஸ், லெனின்கிராட்காரர். ஆசானின் பெயரை எடுக்கக்கூட இங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

கல்லுளி:
வரைபடம் சோவியத் கொடுத்தது, சரி. 1960இல் நிபுணர்களை ஒரேயடியாகத் திரும்ப அழைத்துக்கொண்டதும் அதே சோவியத்தான். அதற்குப் பிறகு வந்த 109 டிரான்சிஸ்டர் இயந்திரங்களை யார் செய்தார்கள்? 150ஐ யார் செய்தார்கள்? 1973இல் மாஸ்கோவிலிருந்து ஒரு கடிதமாவது வந்ததா? ஆசான், ஆசான் என்று உருகுவதற்கு முன் அந்தப் பதின்மூன்று வருடத்தை யோசியுங்கள்.

வடகாடு:
எண்ணெய் என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். வடகிழக்குச் சீனாவின் டாசிங் எண்ணெய் வயல் கிடைத்தது 1959 செப்டம்பர் 26, சோங்ஜி-3 கிணறு. அப்போது எந்தக் கணினி இருந்தது? நிலவியலாளர் லி சிகுவாங்கின் நிலஇயக்கவியல் கோட்பாட்டை (பாறை அடுக்குகள் விசையால் எப்படி வளைகின்றன, உடைகின்றன என்று சொல்வது) வைத்துக் கண்டுபிடித்தார்கள். நாட்டின் மிகப் பெரிய வயலே கணினி இல்லாமல் கிடைத்திருக்கிறது. 150க்கு ஏன் இவ்வளவு அலட்டல்?

பழைய மாணவன்:
லி சிகுவாங் மட்டுமா கண்டுபிடித்தார்? ஹுவாங் ஜிசிங், சியே ஜியாரோங் போன்ற நிலவியலாளர்கள் எல்லாம் யார்? டாசிங் கண்டுபிடிப்புக்கான நிலவியல் பணிக்கு 1982இல் தேசிய விருது கொடுத்தபோது 23 பேருக்குக் கொடுத்தார்கள். லி சிகுவாங் அமைச்சராக இருந்தார், அதனால் புகழ் முழுக்க அவர் பக்கம் சாய்ந்தது.

வடகாடு:
அமைச்சர் என்பதால் புகழ் வந்ததாம்! அவர் எழுதியதை ஒரு பக்கமாவது படித்துவிட்டுப் பேசுங்கள்.

கல்லுளி:
வடகாடு, டாசிங் தட்டையான சமவெளிக்கு அடியில் உள்ள பெரிய மடிப்பு. அந்த அளவு பெரிதாக இருந்தால் சாதாரணப் பதிவிலேயே தெரியும். அடுத்து வந்த வயல்கள் அப்படி இல்லை. வடசீனாவின் போஹாய் கடற்கரையோரத்தில் நிலம் சிறு சிறு துண்டுகளாக உடைந்து கிடக்கிறது. அங்கே இரைச்சலைக் கழிக்காமல் ஒன்றும் தெரியாது. அதனால்தான் கணினி தேவைப்பட்டது, அதனால்தான் 1973. லி சிகுவாங் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுமணல்:
மறுபடியும் எண்ணெய். எண்ணெயை விட்டு வெளியே வந்து ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கள் பார்ப்போம்.

செம்பாறை:
நான் காட்டுகிறேன். மஞ்சள் ஆற்றில் லியூஜியாசியா அணை. அதன் தகைவுக் கணக்குகளை (உள்ளே விசை எப்படிப் பரவுகிறது என்பதை) போடும்போதுதான் கணிதவியலாளர் ஃபெங் காங்கின் குழு ஒரு முறையை உருவாக்கியது. 1965இல் கட்டுரையாக வந்தது. பெரிய அமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும், மேற்கில் வளர்ந்துகொண்டிருந்த வரம்புறு உறுப்பு முறையைத் தனியாகவே கண்டடைந்திருந்தார்கள். கணினி, கணிதம், மலை எல்லாம் அதில் இருக்கிறது.

ஆற்றுமணல்:
அணை என்பது கட்டடப் பொறியியல். அடுத்து பாலத்தையும் நிலவியல் என்பீர்களா?

பழைய மாணவன்:
ஆற்றுமணல் சார், உங்கள் 1978ஐயே எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் புவிவேதியியலாளர் சியே சூஎஜின் தேசியப் புவிவேதியியல் கணக்கெடுப்பை முன்வைத்தார். ஓடைகளின் படிவு மண்ணை எடுத்து, 39 தனிமங்களை அளந்து, நாடு முழுக்க வரைபடம் போடும் திட்டம். அறுபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் போனது. சுத்தியலைத் தவிர எதையும் தொடாதவர்கள் இவ்வளவு எண்களைக் கையாளும் திட்டத்தை எப்படி நினைத்துப் பார்த்திருக்க முடியும்?

ஆற்றுமணல்:
1978. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கல்லுளி:
திட்டத்தை முன்வைத்த வருடம் அது! அந்த மனிதர் 1951லேயே ஆன்ஹுவே மாகாணத்தில் செம்புத் தாது இருக்கும் இடத்தைக் காட்டும் செடியை அடையாளம் கண்டவர். 39 தனிமங்கள், ஒவ்வொரு மாதிரிக்கும். கணக்கிட ஆளும் பழக்கமும் முன்பே இல்லாமல் யார் இதில் இறங்குவார்கள்? 1978 ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை. 1973ஐத் தாண்டித்தான் வந்தது.

ஆற்றுமணல்:
செடியைப் பார்த்துத் தாது சொல்வதும் இப்போது கணினியா?

செம்பாறை:
லியூஜியாசியாவுக்குப் பதில் வரவில்லை. அணையின் அடியில் இருப்பது பாறைதானே, அதையாவது ஒப்புக்கொள்வீர்களா?