பழைய மளிகைக் கணக்கு நோட்டு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். அன்றாடம் கடைக்குப் போய்வரும் பழக்கத்தை மானுடவியல் நோக்கில் எழுதி வருகிறேன். 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்ததும், பலகையில் எழுதிய விலைதான் விலை என்று ஆனது. ஆனாலும் எடை போட்ட பிறகு இன்னும் இரண்டு வெண்டைக்காயை அள்ளிப் போடுவதும், கொசுறாகக் கறிவேப்பிலை கேட்பதும் நின்றபாடில்லை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உள்ள உறவு அங்கேதான் தெரிகிறது என்று நம்புகிறேன்.

இப்போது எனக்குத் தேவை மாதக் கடன் எழுதிய மளிகைக் கணக்கு நோட்டுகள். பெயர்களை மறைத்துவிட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். தீபாவளிக்கும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கும் பாக்கி எப்படி ஏறி இறங்கியது என்று பார்க்க வேண்டும். கடை நடத்தியவர்கள், கடன் இல்லை என்பதை முகம் கோணாமல் எப்படிச் சொன்னீர்கள் என்றும் எழுதுங்கள். அது எந்த நோட்டிலும் இருக்காது.