மறு: எல்ஜிபிஎல் தமிழாக்கம் – ‘மாற்றுரிமை’யா, ‘மறுபிணைப்பு உரிமை’யா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

எல்ஜிபிஎல் (LGPL) என்பது பெரும்பாலும் நிரலகங்களுக்கு, அதாவது பிற மென்பொருள்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்புகளுக்கு, வழங்கப்படும் கட்டற்ற உரிமம். தனியுரிம மென்பொருளோடு சேர்ந்து வரும் எல்ஜிபிஎல் நிரலகத்தை மட்டும் திருத்தி, திருத்திய படியை அதே மென்பொருளோடு சேர்த்து ஓட்டுவதற்குப் பயனருக்குள்ள உரிமையை ‘மாற்றுரிமை’ எனலாம் என்று திருப்பூர் நண்பர் எழுதியிருந்தார். சுருக்கமான சொல்தான், ஆனால் பட்டா மாறுதலுக்கு நடந்து பழகிய நமக்கு, உரிமையே வேறொருவர் பெயருக்குப் போவதாக அது ஒலிக்கும்.

நிரலகத்தை மென்பொருளோடு சேர்ப்பதை (linking) ‘பிணைப்பு’ என்று கொண்டு, ‘மறுபிணைப்பு உரிமை’ என்பது என் பரிந்துரை. ‘இணைப்பு’ என்ற சொல் மின்னஞ்சலிலும் வலைப்பக்கத்திலும் மின்வாரியத்திலும் ஏற்கனவே போதுமான வேலை பார்க்கிறது. பிணைத்தலோ சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்களில் தொழிற்சொல்லாகவே வழங்குகிறது. பாவு (நெடுக்கு இழைகள்) தீர்ந்ததும், தறியின் விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே விட்டுவைத்த பழைய இழை நுனிகளோடு புதிய பாவின் இழைகளைப் பிணைக்கிறார்கள், தறியைப் பிரிப்பதில்லை. எல்ஜிபிஎல் 2.1ஆம் பதிப்பின் 6ஆம் பிரிவு விற்பவரிடம் கேட்பதும் அந்த நுனிகளைத்தான். நிரலகத்தை நிலைப்பிணைப்பாக ஒரே கோப்புக்குள் அடைத்துத் தருபவர், தம் மூலநிரலைத் தராவிட்டாலும், பயனர் மறுபடி பிணைத்துக்கொள்ள ஏதுவாக ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (மூலநிரலை எந்திர மொழிக்கு மாற்றிய, இன்னும் பிணைக்காத கோப்புகள்) தர வேண்டும். டிஎல்எல் போன்ற பகிர்வு நிரலகமாகத் தனியே வைப்பவருக்கு அந்தச் சுமை இல்லை. இடைமுகம் பொருந்தும் திருத்திய படியை அந்த இடத்தில் வைத்தாலும் மென்பொருள் ஒழுங்காக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

‘உரிமை’ எதற்கு, ‘வசதி’ போதாதா என்று கோபி நண்பர் கேட்டிருந்தார். போதாது. பயனர் செய்யும் திருத்தங்களில் பிழை நீக்குவதற்காக மென்பொருளைப் பிரித்து ஆராய்வதையும் விற்பவரின் ஒப்பந்தம் அனுமதித்தாக வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. தனியுரிம ஒப்பந்தங்கள் வழக்கமாக முதலில் தடுப்பது இதைத்தான். விற்பவர் மனமுவந்து தரும் ஒன்றுக்கே ‘வசதி’ என்ற சொல் பொருந்தும்.

எம்பிராய்டரி எந்திரத்துக்குள் இருக்கும் நிரலகத்தைத் திருத்தி நிறுவுவதும் இவ்வுரிமையில் அடங்குமா என்ற ஐயத்துக்கும் ஒரு வரி. 2007இல் வந்த எல்ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, திருத்திய நிரலகத்தைக் கருவிக்குள் நிறுவத் தேவையான தகவலையும் தரச் சொல்கிறது. ஆயினும் அந்தக் கடமை வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளோடு நின்றுவிடுகிறது; பனியன் கம்பெனியில் ஓடும் தொழிற்சாலை எந்திரத்தை அது தொடாது. எனவே நிறுவலை இச்சொல்லுக்குள் நுழைக்காமல், ‘நிறுவல் தகவல்’ என்று சொற்பட்டியலில் தனிப்பதிவாக வைப்பதே முறை.

ஆப்ஜெக்ட் கோப்புக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘இலக்குக் கோப்பு’ என்றால் டார்கெட் என்று படிக்கிறார்கள். ‘பொருள் கோப்பு’ என்றால் எந்தப் பொருள் என்று கேட்கிறார்கள். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.