மகளுக்கு ஐரிஷ் பெயர்: படிக்கத் தெரியாதவர்கள் நடுவே எது தாங்கும்?

தாமிரபரணிக்காரி

மகள் பிறக்க ஏழு வாரம் இருக்கிறது. கணவருக்குச் சொந்த ஊர் அயர்லாந்தின் கெர்ரி. குடியிருப்பது இங்கிலாந்தில், லீட்ஸில். ஐரிஷ் பெயர்தான் என்று முடிவாகிவிட்டது. பட்டியலில் நான்கு நிற்கின்றன:

நீவ் – எழுதுவது என்-ஐ-ஏ-எம்-எச்
கீவ – சி-ஏ-ஓ-ஐ-எம்-எச்-இ
ஸைவ் – எஸ்-ஏ-டி-எச்-பி-எச் (Sadhbh)
ஸீர்ஷ – எஸ்-ஏ-ஓ-ஐ-ஆர்-எஸ்-இ

நடுப்பெயர் ரோஷீன். அதில் ஓ மேலும் இரண்டாவது ஐ மேலும் சாய்கோடு வரும்.

எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் "நயாம்", "சத்ப்" என்று திணறுவார்கள். திருநெல்வேலியில் தாத்தா பாட்டி வாயிலும் நுழைய வேண்டும். எது தாங்கும்? ஆங்கிலக்காரர்களுக்குப் புரியும்படி ஸ்பெல்லிங்கை மாற்றிவிடலாமா? சாய்கோடு பதிவில் நிற்குமா?

ஏட்டுக்கட்டு

படிக்கக் கடினம் வேறு, சொல்லக் கடினம் வேறு. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் கவலை போய்விடும். உங்கள் நான்கும் முதல் வகை. ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது வகை என்றால் சொர்ஹ, ஃபியஹ்ரா மாதிரிப் பெயர்கள். நடுவில் தொண்டையிலிருந்து வரும் ஓர் ஒலி இருக்கிறது, ஆங்கிலத்தில் அது கிடையாது. நம் கனிமொழியில் உள்ள ழ மாதிரி: எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் பலருக்கு நாக்கு வளையாது. அந்த வகையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

எழுத்து ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களைத்தான் எல்லோரும் கேட்கப்போகிறார்கள். ஐரிஷ் மொழியின் மரபு நெடுங்கணக்கில் 18 எழுத்துகள்தான். அதில் 'வி' கிடையாது. வ ஒலி வேண்டுமென்றால் பி அல்லது எம் என்ற எழுத்தை மென்மையாக்கித்தான் எழுத வேண்டும். பழைய கேலிக் அச்செழுத்தில் இதற்கு மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் புள்ளி உயிரை நீக்கும், அவர்கள் புள்ளி மெய்யை மெலிதாக்கும். ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளி போய், பக்கத்தில் ஒரு 'எச்' வந்தது. ஆகவே பி-எச், எம்-எச் இரண்டும் வ். 'ஏ-டி-எச்' சேர்ந்தால் ஐ. ஸைவ் என்ற பெயரை இப்போது எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: ஸ் + ஐ + வ். ஒன்றுகூட வீணாக நிற்கவில்லை.

அடுத்தது எஸ். பக்கத்தில் இ அல்லது ஐ இருந்தால் ஷ, ஏ, ஓ, யூ இருந்தால் ஸ. ஸீர்ஷ என்ற ஒரே பெயரில் இரண்டும் உண்டு: முதல் எஸ் ஏ-வை ஒட்டியிருப்பதால் ஸ், கடைசி எஸ் இ-யை ஒட்டியிருப்பதால் ஷ். மகன், தங்கம், கல் மூன்றிலும் ஒரே க-வை இடம் பார்த்து வெவ்வேறாக ஒலிக்கும் நமக்கு இது புதிதே இல்லை. ஏ-ஓ-ஐ மூன்றும் சேர்ந்தால் ஈ. சி எப்போதும் க். கீவ என்ற பெயரும் இதோடு தெளிவாகிவிடும்.

மழைத்தாள்

நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

நீவ் மிகப் பத்திரம். இங்கிலாந்தில் பரவலாகத் தெரிந்த பெயர். பொருள் ஒளி, பொலிவு. ஐரிஷ் புராணத்தில் உஷீன் என்ற வீரனைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு இளமை மாறாத நாட்டுக்குப் போனவள். வடக்கே அல்ஸ்டர் பக்கம் இதை "நீ-அவ்" என்று இரண்டு அசையாகவும் சொல்வார்கள். திருநெல்வேலியில் கடைசியில் ஓர் உ ஒட்டிக்கொண்டு "நீவு" ஆகும், தலையை நீவு என்கிறோமே, அதே சொல். பாட்டி வாயில் இதைவிட இதமாக ஒரு பெயர் வராது என்பேன்.

கீவ நல்ல பெயர், ஆனால் அயர்லாந்துக்குள்ளேயே இரண்டு உச்சரிப்பு. தெற்கிலும் மேற்கிலும் கீவ, வடக்கில் க்வீவ. கெர்ரி தெற்கு என்பதால் உங்களுடையது கீவ. பெல்ஃபாஸ்ட்காரர் ஒருவர் க்வீவ என்றால் அவர் தவறாகச் சொல்லவில்லை.

ஸீர்ஷ என்றால் விடுதலை. 20-ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த பெயர். நடிகை ஸர்ஷ ரோனன் தன் பெயரை "ஸர்ஷ" என்றுதான் சொல்கிறார், அதனால் உலகம் பூராவும் அந்த உச்சரிப்பு பழகிவிட்டது. கெர்ரியில் ஸீர்ஷ. மகள் வாழ்நாள் முழுக்க "ஸர்ஷவா, ஸீர்ஷவா" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸைவ் நான்கில் அரிது. ஃபைவ் என்பதோடு எதுகை வைத்துச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஊரில் "சைவ்" என்றுதான் காதில் விழும். யாராவது "சைவமா?" என்று திரும்பக் கேட்பார்கள். அது பரவாயில்லை என்றால் வையுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: பெயர் தெரியாத ஐந்து பேருக்குப் போனில் பெயரை மட்டும் சொல்லுங்கள், எழுத்தைச் சொல்லாதீர்கள். பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நான்கு பேர் சரியாகச் சொன்னால் அந்தப் பெயர் தாங்கும். எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லும் சோதனை வீண். அதில் எல்லா ஐரிஷ் பெயரும் தோற்கும்.

கடலோடி_கார்க்

ஸ்பெல்லிங்கை மாற்றுவது பற்றி. கெர்ரியில் உறவு இருக்கும்போது செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. நீவை என்-இ-வி-இ என்று எழுதினால் லீட்ஸில் ஒரு நொடி மிச்சமாகும். ஆனால் அயர்லாந்தில் அந்தக் குழந்தையின் பெயரை எல்லோரும் ஒரு கணம் நின்று படிப்பார்கள், பொருளும் எழுத்தோடு போய்விடும். அதிலும் முழுக்கத் தப்பிக்க முடியாது: கீவவைக் கே-யில் எழுதினால், விஷயம் தெரிந்தவர்கள் சி-யில் தேடுவார்கள்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. ஐரிஷிலும் விளி வேற்றுமை உண்டு. நாம் கண்ணனைக் கண்ணா என்று கூப்பிடுவது கடைசியில் மாறும், அவர்களுக்கு முதலெழுத்து மாறும். முன்னால் ஓர் "அ" வைத்து முதல் மெய்யை மெலிதாக்குவார்கள். ஐரிஷ் பேசும் வீட்டில் ஸீர்ஷவைக் கூப்பிட்டால் "அ ஹீர்ஷ", ஸைவ் என்றால் "அ ஹைவ்". நீவ் அப்படியே நிற்கும், ந மாறாது. ஸ்காட்லாந்தின் ஹேமிஷ் என்ற பெயர் பிறந்ததே இப்படித்தான். ஷேமஸைக் கூப்பிடும் வடிவத்தைக் கேட்டவர்கள் அதையே தனிப்பெயர் ஆக்கிவிட்டார்கள். மாமியார் வீட்டில் ஐரிஷ் புழங்குமானால் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

படிவம்_எண்_7

சாய்கோடு விஷயம். அதன் பெயர் ஃபாடா. உயிரை நெடிலாக்கும். போடாவிட்டால் சில இடங்களில் சொல்லே மாறிவிடும்: ஷான் என்ற ஆண் பெயரில் அதை எடுத்துவிட்டால் "பழைய, வயதான" என்று பொருள்படும் வேறு சொல். உங்கள் நான்கு பெயரிலும் ஃபாடா இல்லை, ரோஷீனில் மட்டும் இரண்டு இடத்தில்.

இங்கிலாந்தில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பெரிய எழுத்தில், ஃபாடாவுடன், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொல்லிப் பதியவைக்காதீர்கள். எம்-எச் இடம் மாறி எச்-எம் ஆவதுதான் அதிகம் நடக்கும் பிழை. கையெழுத்துப் போடும் முன் பதிவில் உள்ளதை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள், ஃபாடா விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு திருத்துவது தனி விண்ணப்பம். முதற்பெயரையே மாற்ற நினைத்தால் பதிந்த 12 மாதத்துக்குள் வழி உண்டு.

ஃபாடா கணினிகளில் தடுமாறும். பழைய மென்பொருள் அந்த எழுத்தைக் கேள்விக்குறியாக்கும், அல்லது இரண்டு புரியாத குறிகளாக உடைக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயருக்கு ஏ முதல் இசட் வரை மட்டுமே இடம், அங்கே ஃபாடா வராது. ஆகவே விமான டிக்கெட்டில் எப்போதும் ஃபாடா இல்லாமல் தட்டுங்கள். விண்டோஸில் ஐரிஷ் கீபோர்டு வைத்தால் ஆல்ட்-ஜிஆர் விசையோடு உயிரெழுத்தை அழுத்தினால் போதும், கைபேசியில் உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால் வரும்.

மழைத்தாள்

நீவ் என்று வைத்தால், பள்ளிப் படிவத்தில் பெயருக்குப் பக்கத்திலேயே "லீவ் என்பதோடு எதுகை" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். போனில் சொல்லும்போது ஒலி முதலில், எழுத்து பிறகு. எழுத்தை முதலில் சொன்னால் எதிர்முனை மனத்துக்குள் 'நயாம்' என்று படித்து முடித்திருக்கும், பிறகு திருத்துவது பெரிய பாடு.

வண்டல்மண்

இடையில் ஒரு கேள்வி. பையனுக்கு டைக் – டி-ஏ-டி-எச்-ஜி (Tadhg) – எப்படி?

கடலோடி_கார்க்

டைகர் என்று சொல்ல ஆரம்பித்து கடைசி 'அர்' வராமல் நிறுத்துங்கள், அதுதான் உச்சரிப்பு. பொருள் கவிஞன். ஒரு எச்சரிக்கை: வட அயர்லாந்தில் இந்தப் பெயரிலிருந்து பிறந்த ஒரு சொல் கத்தோலிக்கர்களை இழிவுபடுத்தும் வசையாகப் புழங்கியிருக்கிறது. ஐரிஷ் எழுத்திலேயே வையுங்கள், டி-ஏ-ஐ-ஜி என்று சுருக்கி மட்டும் எழுதாதீர்கள். எளிதான பெயர் வேண்டுமென்றால் கொலம் பாருங்கள். எழுதுவது சி-ஓ-எல்-எம், நடுவில் ஓர் உயிர் தானாக நுழையும், கர்மம் நம் வாயில் கருமம் ஆகிறதே, அதே போல.

தாமிரபரணிக்காரி

எல்லோருக்கும் நன்றி. போன் சோதனையை நேற்றே செய்தோம். நீவ் ஐந்துக்கு ஐந்து, கீவ நான்கு, ஸீர்ஷ மூன்று, ஸைவ் இரண்டு. பாட்டி கேட்டவுடனே "நீவு" என்றார். நீவ் ரோஷீன் என்றே பதிகிறோம், ஐரிஷ் எழுத்தில். தாளும் எழுதி வைத்தாயிற்று.