கீவேர்ட் (மக்கள் கூகுளில் தேடும் சொல்) தேர்வில் உங்கள் மனத்தை விட்டு அகலாத அனுபவம் எது?

நூல்கண்டு:

பவானி ஜமக்காளம் விற்கும் ஒரு குடும்பக் கடையின் இணையதளத்துக்கு நான் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு சொல் எத்தனை முறை தேடப்படுகிறது என்று விளம்பரதாரர்களுக்குக் காட்டும் கூகுளின் கீவேர்ட் பிளானர், நம் தளம் எந்தெந்தத் தேடல்களில் தோன்றியது என்று காட்டும் சர்ச் கன்சோல் ஆகியவற்றை இங்கே விரிவாக விளக்க வேண்டியதில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முன்பு அந்தத் தளத்தைக் கவனித்துவந்த நிறுவனம், மாதாந்தரத் தேடல் எண்ணிக்கை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக ‘பெட்ஷீட்’, ‘கார்ப்பெட் ஆன்லைன்’ ஆகிய இரண்டு கீவேர்டுகளையும் முகப்பிலும் ஒவ்வொரு பொருளின் தலைப்பிலும் திணித்து வைத்திருந்தது. அந்தச் சொற்களைத் தேடினால் முதல் பக்கம் முழுவதும் அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற பெருந்தளங்கள்தான் வரும். தப்பித் தவறி யாராவது கடையின் தளத்துக்கு வந்தாலும், அவர்கள் மெத்தை விரிப்பைத் தேடி வந்தவர்களாகவே இருந்தார்கள்.

கடைக்காரரின் மகளும் நானும் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, தேடப்பட்ட சொற்களை இம்ப்ரெஷன் (தேடல் முடிவுகளில் தளம் தோன்றிய தடவைகள்) வரிசையில் அடுக்கிப் பார்த்த அந்த மாலைதான் இன்னும் என் மனத்தில் நிற்கிறது. ‘ஜமக்காளம் துவைக்கும் முறை’, ‘ஜமக்காளம் சாயம் போகுமா’, ‘கல்யாண மண்டபத்துக்கு ஜமக்காளம் என்ன அளவு’ என்று வரிசையாக வந்தன. இவற்றுக்கெல்லாம் தளம் இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் தலைகாட்டியிருந்தது. ஆனால் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூடத் தளத்தில் பதில் இல்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தபோது, பக்கத்தில் பில் எழுதிக்கொண்டிருந்த அவருடைய தந்தை நிமிர்ந்து பார்த்து, “இதையெல்லாம் போன்ல கேக்கறவங்களுக்கு நான் தினமும் பதில் சொல்லிட்டுத்தானுங்க இருக்கறேன், அதையே எழுதுனாப் போதாதுங்களா தம்பி?” என்று கேட்டார். வாங்குபவரின் சொல் அந்த மேசைக்கே தினந்தோறும் தொலைபேசியில் வந்துகொண்டிருக்க, ‘பெட்ஷீட்’ என்ற சொல்லுக்கு மாதாமாதம் அறிக்கை தயாரித்துப் பணம் பெற்றவர்கள் ஒருநாள்கூட அவரிடம் இதைக் கேட்கவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நெல்லைவாசி:

நூல்கண்டு சொல்வதை நான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் கண்டேன். தம் தளத்துக்காக மருத்துவர் கொடுத்த கீவேர்ட் பட்டியலில் சிகிச்சைகளின் மருத்துவப் பெயர்கள் மட்டுமே இருந்தன. அதைப் பற்றிப் பேசுவதற்காக நான் காத்திருந்தபோது, கன்னம் வீங்கியிருந்த ஒரு பெரியவர் தம் கைப்பேசியைச் செவிலியரிடம் நீட்டி, “இதுல சொன்ன மாதிரி கிராம்பு வச்சுப் பாத்தேம்மா, கேக்கல” என்றார். திரையில் அவர் குரல்வழி தேடிய வாக்கியம் அப்படியே இருந்தது: ‘ராத்திரி பல் வலி உடனே நிக்க என்ன செய்யணும்’. அதன் கீழே வந்தவை அனைத்தும் வீட்டு வைத்தியக் காணொளிகள். அந்த மருத்துவமனை அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பதை அந்தத் தேடல் அவருக்குக் காட்டவே இல்லை.

தேடல்களைத் தகவல் அறிவதற்கானவை, குறிப்பிட்ட தளத்தை அடைவதற்கானவை, ஒரு செயலை முடிப்பதற்கானவை என்று கணினி அறிவியலாளர் ஆண்ட்ரே பிராடர் 2002ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டார். அந்தப் பெரியவரின் தேடல் முதல் வகையைச் சேர்ந்தது. அவருக்குச் சிகிச்சைக் கட்டணப் பக்கத்தைக் காட்டிப் பயனில்லை. எந்த வலியை விடியும்வரை தாங்கலாம், எந்த வீக்கத்துக்கு உடனே ஓட வேண்டும் என்று சொல்லும் பக்கம்தான் வேண்டும். அவரே ‘பக்கத்தில் பல் டாக்டர்’ என்று தேடியிருந்தால் முதலில் வரைபடம் வந்திருக்கும். அந்த வரிசையைப் பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றும் முடிவு செய்வதாகக் கூகுளே கூறுகிறது. வலி ஒன்றுதான் என்றாலும் இரண்டு தேடல்களுக்கும் செய்ய வேண்டிய வேலை முற்றிலும் வேறு.

நூல்கண்டிடம் ஒரு கேள்வி: துவைக்கும் முறை, அளவு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதினீர்களா, தனித்தனியாக எழுதினீர்களா?

விளம்பரக்கணக்கர்:

முதல் பதிவில் உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைப் படிக்கும் புதியவர்கள், தேடல் எண்ணிக்கையே பயனற்றது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்களோ என்று கவலைப்படுகிறேன். எண்ணிக்கையின் மீது குற்றமில்லை, அது எதை அளக்கிறது என்று அறியாமல் படிப்பதே குற்றம். என்னிடம் வந்த ஓர் ஆயத்த ஆடை வணிகர் கீவேர்ட் பிளானரில் ‘போட்டி: குறைவு’ என்றிருந்த சொற்களை எல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, “இதிலெல்லாம் நாம்தான் சார் முதல் இடம்” என்று மகிழ்ச்சியுடன் தாளை நீட்டினார். ‘போட்டி’ என்ற அந்தப் பத்தி, விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இடையிலான போட்டியைச் சொல்கிறதே தவிர, இயல்பான தேடல் முடிவுகளில் முன்னேறுவது எளிதா கடினமா என்பதைச் சொல்வதில்லை. அதை விளக்கியபோது அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சொற்களை நம்பி அவர் ஏற்கெனவே ஆள் வைத்துப் பக்கங்கள் எழுதத் தொடங்கியிருந்தார்.

ஆகவே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குகளுக்குப் பிளானர் துல்லியமான எண்ணைக் காட்டாது. ஆயிரம் முதல் பத்தாயிரம் வரை என்பது போன்ற வீச்சையே காட்டும். ஒன்றுக்கொன்று நெருங்கிய வடிவங்களை ஒரே எண்ணில் சேர்த்துவிடுவதும் உண்டு. எனவே அதை ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் இடையே எடை ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2011இல் கூகுள் தேடலை மறையாக்கத் தொடங்கிய பிறகு, வருகையாளர் எந்தச் சொல்லைத் தேடி வந்தார் என்பது, தள வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் படிப்படியாக மறைந்துவிட்டது. அதனால் உங்கள் சொந்தத் தளத்துக்குச் சர்ச் கன்சோலே உண்மையான சாட்சி. ஆனால் அதுவும் 16 மாதத் தரவையே வைத்திருக்கும், மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடும் என்பதால் மாதந்தோறும் தரவிறக்கி வைப்பது நல்லது. அதில் காட்டப்படும் இடம் சராசரி என்பதையும் மறக்கக் கூடாது: ஓர் ஊரில் மூன்றாம் இடத்திலும் இன்னோர் ஊரில் முப்பதாம் இடத்திலும் வந்தால், நடுவில் எங்கோ ஓர் எண் தெரியும், அந்த எண்ணில் உங்கள் தளம் ஒருமுறைகூட நின்றிருக்காது.

இவை அனைத்துக்கும் மேலாக, எழுத உட்காரும் முன் அந்தச் சொல்லை நீங்களே தேடிப் பாருங்கள். வருபவை காணொளிகளா, கடைப் பக்கங்களா, வரைபடமா, செய்திகளா என்பதை வைத்தே அந்தச் சொல்லால் மக்கள் எதை வேண்டுகிறார்கள் என்று கூகுள் கணித்திருப்பது தெரிந்துவிடும். பத்து முடிவுகளும் கட்டுரைகளாக இருக்கும் சொல்லுக்கு நீங்கள் விற்பனைப் பக்கத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது மேலே ஏறுவது அரிது. நெல்லைவாசியின் பெரியவர் கதையும் இதையே காட்டுகிறது. எனவே எண்ணிக்கையைப் பாருங்கள், பிறகு முடிவுப் பக்கத்தைப் பாருங்கள். ஒன்றை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

பழையமடல்:

ஒருவழி டாக்சி நடத்தும் ஒருவருக்காக வேறொரு நிறுவனம் செய்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்நாட்டின் ஊர்ப் பெயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ‘மதுரை டு ராமேஸ்வரம் டாக்சி’, ‘திருச்சி டு வேளாங்கண்ணி டாக்சி’ என்று ஒவ்வொரு இணைக்கும் ஒரு பக்கம் உருவாக்கியிருந்தார்கள். ஊர்ப் பெயரைத் தவிர ஓர் எழுத்துகூட மாறவில்லை. தூரம்கூடப் பல பக்கங்களில் ஒன்றாகவே இருந்தது. பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, ஊர்ப் பெயர்களை எத்தனை விதமாகப் பிழையாக எழுத முடியுமோ அத்தனையும் ஒளிந்திருந்தன. இத்தகைய வாயில் பக்கங்களைத் தடுக்கப்போவதாகக் கூகுள் 2015 மார்ச்சிலேயே அறிவித்திருந்தது. மறைத்து வைக்கும் எழுத்து அதற்கும் வெகு முன்பிருந்தே விதிமீறல்தான்.

அவர் என்னை அழைத்தபோது சர்ச் கன்சோலில் ‘கைமுறை நடவடிக்கை’ (விதிமீறலுக்காகக் கூகுள் ஊழியர்கள் ஒரு தளத்துக்கு விதிக்கும் தண்டனை) என்ற அறிவிப்பு வந்திருந்தது. “தம்பி, என் பேரையே தேடினாலும் வரமாட்டேங்குது, இன்னிக்கு ஒரு வண்டிகூடக் கிளம்பல” என்று சொல்லிக்கொண்டே, ஸ்டாண்டில் வரிசையாக நின்ற கார்களை வீடியோ அழைப்பில் காட்டினார். கீவேர்டைக் கூடுதலாக வைத்தால் கூடுதல் பலன் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் தொலைபேசியையே எடுக்கவில்லை. இணையப் பக்கத்தின் நிரலில், பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாமல் கீவேர்டுகளை எழுதும் மெட்டா கீவேர்ட் பகுதியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதையும் நிரப்பி, அதற்கும் தனிக் கட்டணம் வாங்கியிருந்தார்கள். பாலத்தில் எப்போது நெரிசல், சுங்கக் கட்டணம் வாடகையில் சேருமா, காத்திருப்புக்கு எவ்வளவு என்று ஓட்டுநர்களுக்குத் தெரிந்தவற்றை எழுதியிருந்தால், பத்து ஊர்களுக்கான பக்கங்களே அவருக்குப் போதுமானவையாக இருந்திருக்கும்.

வடக்குக்காற்று:

யாழ்ப்பாணத்தில் உறவினர் ஒருவர் விடுதி நடத்துகிறார். ‘யாழ்ப்பாணம் ஹோட்டல்’ என்பதே அவருடைய முதன்மைக் கீவேர்டாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு முன்பதிவுத் தளங்களை மிஞ்ச இயலவில்லை. சர்ச் கன்சோலில் நாடுகள் என்ற பகுதியை அழுத்தியபோது கனடாவும் பிரித்தானியாவும் இலங்கைக்கு மேலே நின்றதைப் பார்த்து அவர், “இவையள் எல்லாம் நல்லூர்த் திருவிழாவுக்கு வாற எங்கட சனமல்லோ!” என்று எழுந்து நின்றுவிட்டார். அவர்கள் தேடியவை கொடியேற்ற நாள், தேர்த் திருவிழா நாளில் கோயிலுக்கு நடந்து போகக்கூடிய தங்குமிடம், வயதானவர்களுக்குக் கீழ்த்தள அறை ஆகியவைதான்.

ஒரு சொல்லின் தேடல் காலப்போக்கில் ஏறி இறங்குவதைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் ‘நல்லூர்’ என்று பார்த்தால் ஆண்டுதோறும் திருவிழாவை ஒட்டிக் கோடு உயரும். அந்த வரைபடம் காட்டுவது தேடல்களின் எண்ணிக்கையை அல்ல, உச்சத்தை 100 என்று வைத்துக் கணக்கிட்ட ஒப்பீட்டு அளவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆகஸ்டில் கோயில் வீதியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதும் பக்கம் அந்த ஆண்டுக்கு உதவாது, ஏனெனில் விமானச்சீட்டு எடுப்பவர்கள் மாதங்களுக்கு முன்பே தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

நூல்கண்டு:

விளம்பரக்கணக்கர் அவர்களே, எண்ணிக்கை பயனற்றது என்று நான் எழுதவில்லை. ஆனாலும் உங்களுடன் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். ‘ஜமக்காளம் சாயம் போகுமா’ என்ற சொற்றொடருக்குப் பிளானர் எந்த எண்ணையும் காட்டவில்லை. எண்ணிக்கையை முதலில் பார், பிறகு முடிவுப் பக்கத்தைப் பார் என்ற உங்கள் வரிசையில் சென்றிருந்தால் அது முதல் படியிலேயே விழுந்திருக்கும். நாள்தோறும் நடக்கும் தேடல்களில் 15 சதவீதம் அளவுக்கு முன்பு ஒருபோதும் தேடப்படாதவை என்று கூகுள் பலமுறை கூறியிருக்கிறது. சிறு கடைக்கு வாடிக்கையாளர் வருவது பெரும்பாலும் அத்தகைய நீண்ட, அரிதான கேள்விகள் வழியாகத்தான். பெருந்தளங்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

நெல்லைவாசியின் கேள்விக்கு: தனித்தனியாகத்தான் எழுதினோம். இரண்டு சொற்றொடர்களையும் தேடி, முதல் பக்க முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெரும்பாலான முடிவுகள் இரண்டிலும் ஒன்றாக இருந்திருந்தால் ஒரே பக்கத்தில் சேர்த்திருப்போம். இங்கே ஒன்றுகூடப் பொருந்தவில்லை. துவைப்பதைப் பற்றிக் கேட்பவர் ஜமக்காளத்தை ஏற்கெனவே வாங்கியவர், அளவைப் பற்றிக் கேட்பவர் இனிமேல் வாங்கப்போகிறவர். அதனால் அளவுப் பக்கத்தின் மேலேயே விலையையும் ஆர்டர் பொத்தானையும் வைத்தோம். துவைக்கும் பக்கத்தில் அவற்றை வைக்காமல், நிழலில் உலர்த்துவதைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதை அவர் வாக்கியத்திலேயே எழுதியிருக்கிறோம்.