வழியில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை: சைக்கிள்காரர்களே, உங்களுக்கு நடந்தது என்ன?

பாயான்பாரு பெடல்
போன மாதம் நடந்தது, இன்னும் அரிக்கிறது. பினாங்கு குவீன்ஸ்பே பக்கம் கடலோர சைக்கிள் பாதை, எதிர்க்காற்று, தலையைக் குனிந்து மிதிக்கிறேன், வேக மீட்டர் மணிக்கு 19 கிலோமீட்டர் காட்டுகிறது, முழங்கால் முன்பக்கம் வழக்கம்போல வலி. பின்னால் கிரீச் கிரீச் என்று சத்தம். கூடை வைத்த பழைய சைக்கிளில் ஒரு சீன அங்கிள், காலில் ஜப்பான் சிலிப்பர், கூடையில் ஒரு கட்டு கங்கோங் கீரை. என்னைத் தாண்டும்போது சீட்டைப் பார்த்து "ரெண்டா" என்றார். காற்றில் தமிழ் மாதிரி காதில் விழுந்து, "எது ரெண்டு?" என்று நானும் கத்திவிட்டேன். சீட் தாழ்வாக இருக்கிறது என்று மலாயில் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்துப் பார்த்தால் முழங்கால் மடங்கியே இருக்கிறது. கால் நேராகும்வரை ஏற்றினேன், மூன்று சென்டிமீட்டர்! இரண்டு வருடமாக இப்படியே ஓட்டியிருக்கிறேன். வலி போய்விட்டது, அவர் தாண்டிப்போனதுதான் மனதைவிட்டுப் போகவில்லை.

மலையேறி
ஒரேயடியாக மூன்று சென்டிமீட்டரா? தப்பு. நானும் அப்படித்தான் ஏற்றிவிட்டு தெலுக் பஹாங் அணை தாண்டி தித்தி கெராவாங் ஏற்றத்துக்குப் போனேன். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பையன், "அங்கிள், உங்க இடுப்பு டான்ஸ் ஆடுது" என்றான். சிரிப்பு வேறு. சீட் அதிக உயரமாக இருந்தால் கால் எட்டாமல் இடுப்பு அப்படித்தான் இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். அரை அரை சென்டிமீட்டராக ஏற்றி, நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

செந்தூல் செயின்
அங்கிள் செயினுக்கு எண்ணெய் இல்லை, அதான் கிரீச். அதை யாரும் கவனிக்கவில்லையே.

இங்கே கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ சிக்னலில் பச்சை விழுந்து எழுந்து மிதித்தேன், படக் என்று என் செயின் அறுந்தது, பின்னால் பஸ் ஹாரன். அவ்வளவுதான் என் கதை. ஆனால் அன்றிலிருந்து நான் செய்வதைச் சொல்கிறேன், கேளுங்கள். மழையில் நனைந்து வந்தால் அன்றைக்கே பழைய துணியால் செயினைத் துடைத்துவிடுங்கள், பினாங்கில் உப்புக்காற்று வேறு. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய், பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி உள்ளே இறங்கவிட்டு, வெளியே நிற்பதை மறுபடி துடைக்க வேண்டும், இல்லையென்றால் மண் ஒட்டி அதுவே அரம் மாதிரி பல்சக்கரத்தின் பல்லை ராவும். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகிவிடும். ஸ்கேல் வைத்து அளந்தும் பாருங்கள்: 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயினை மாற்றுங்கள், எட்டில் ஒரு பங்கு என்றால் பின் பல்சக்கரமும் போயிருக்கும். அப்புறம் டயர் காற்று, வாரம் ஒரு முறையாவது...

பாயான்பாரு பெடல்
அண்ணே, செயினைப் பற்றி யார் கேட்டார்கள்?

பெர்ரிக்காரன்
19 ஒன்றும் கேவலம் இல்லை தம்பி. எனக்கு வேலைக்கு 9 கிலோமீட்டர், மீட்டரில் 20 ஓடினாலும் சிக்னல் எல்லாம் சேர்த்து 40 நிமிடம் ஆகிறது, அதாவது மணிக்கு 13.5 தான். ஒரு நாள் பளபள சட்டைக் கூட்டம் ஒன்று "ஓரம் ஓரம்" என்று கத்திக்கொண்டு என்னைத் தாண்டியது. அடுத்த சிவப்பு விளக்கில் பக்கத்தில் போய் நின்றேன். மறுபடி தாண்டினார்கள், மறுபடி நின்றேன். மூன்றாவது சிக்னலில் ஒருவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பாயான்பாரு பெடல்
நேற்று அங்கிளை மறுபடி பார்த்தேன். சீட் உயரம் சரி, காற்றும் பின்னாலிருந்து, 24 வரை போனேன். கிரீச் சத்தம் குறைந்து நின்றேவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று திரும்பிப் பார்த்தால், சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு தூண்டில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.