செஸ்நட் தடத்தில் சராசரி மணிக்கு 7.7 கிமீ: 'மிதவேகக்' குழுவோடு போக இது போதுமா?

ஈரவேர்:
வணக்கம். சாலை சைக்கிளிலிருந்து மலைச்சைக்கிளுக்கு மாறி நான்கு மாதம் ஆகிறது. பூங்கா இணைப்புப் பாதையில் மணிக்கு 24 கிமீ சிரமமில்லாமல் வருகிறது. ஆனால் சிங்கப்பூரின் செஸ்நட் இயற்கைப் பூங்காவில் தெற்கு, வடக்கு இரண்டு தடத்தையும் சேர்த்து ஒரு சுற்று போனால், பயணத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலி இப்படிக் காட்டுகிறது: தூரம் 7.4 கிமீ, ஓடிய நேரம் 58 நிமிடம், சராசரி 7.7. புறப்பட்டதிலிருந்து முடித்தது வரை 1 மணி 25 நிமிடம்.

சைக்கிள்: 29 அங்குலச் சக்கரம், பின்பக்க சஸ்பென்ஷன் (அதிர்வுதாங்கி) கிடையாது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 120 மிமீ வரை அமுங்கும். 32 பல் செயின்ரிங் (மிதியோடு சுழலும் முன் பல்சக்கரம்), 11–42 கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி, 11 முதல் 42 பல் வரை). டயர் 2.25, உள்ளே டியூப், இரண்டிலும் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ. என் எடை 74 கிலோ.

கேள்விகள்: இந்த வேகம் ரொம்ப மோசமா? பூங்காவின் மலைச்சைக்கிள் தடம் 8.2 கிமீ என்கிறார்கள், எனக்கு ஏன் 7.4? ஞாயிறு காலை ஒரு குழு "மிதவேகம், மணிக்கு 12 கிமீ, இரண்டு சுற்று" என்று அறிவித்திருக்கிறது. சேரலாமா?

மூன்றாங்கியர்:
மோசமே இல்லைங்க. சாலைக் கணக்கை முதல்ல மறந்துடுங்க. வேரும் கல்லும் குட்டைக் குட்டை ஏற்றமும் இருக்கிற சிங்கிள்டிராக்ல (ஒரு சைக்கிள் மட்டும் போற ஒற்றையடித் தடம்) புதுசா வர்றவங்க 6 முதல் 9 வரைக்கும் ஓட்டுவாங்க. பழகினவங்க 9–13. அதுக்கு மேல 15ன்னு யாராவது சொன்னா, ஒண்ணு போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறவங்க, இல்லேன்னா நடுவுல தார் ரோடும் சேர்ந்திருக்கு. புக்கிட் தீமா தடத்துக்கும் செஸ்நட்டுக்குமே ஒரே ஆள், ஒரே சைக்கிள், ஒரே உழைப்புல வேறவேற எண் வரும்.

சராசரி எப்பவுமே மெதுவான பகுதிக்குத்தான் விசுவாசமா இருக்கும். இந்தக் கணக்கைப் பாருங்க. 1 கிமீ ஏற்றம் 6 கிமீ வேகத்துல: 10 நிமிஷம். 1 கிமீ இறக்கம் 20ல: 3 நிமிஷம். 2 கிமீக்கு 13 நிமிஷம், சராசரி 9.2. இப்ப உயிரைப் பணயம் வெச்சு இறக்கத்துல 25ல போறீங்க: 2.4 நிமிஷம். சராசரி 9.7தான் ஆகுது. இறக்கத்தை 20லயே விட்டுட்டு ஏற்றத்தை 6லருந்து 7 ஆக்கினா? மொத்தம் 11.6 நிமிஷம், சராசரி 10.4. ஏற்றத்துல ஒரே ஒரு கிமீ கூட்டினது, இறக்கத்துல அஞ்சு கிமீ கூட்டினதைத் தோற்கடிச்சிருச்சு.

இதுல இன்னொண்ணும் இருக்கு. 20 கிமீ வேகம்னா நொடிக்கு 5.6 மீட்டர். கண்ணுல பட்டு பிரேக் பிடிக்க ஒரு நொடி, பிறகு தளர்ந்த மண்ணுல நிக்க இன்னொரு 5 மீட்டர், ஆக 10–11 மீட்டர். 25ல அது 15 மீட்டர் ஆயிடும். மூங்கில் மறைக்கிற வளைவுல 7–8 மீட்டர்தான் தெரியுதுன்னா, உங்க வேகம் 15க்குள்ள இருக்கணும். திரும்பினதும் குரங்கு உட்கார்ந்திருக்கலாம், விழுந்தவர் ஒருத்தர் சைக்கிளோட கிடக்கலாம்.

அளவுகோல்:
7.4க்கும் 8.2க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி. 8.2 என்பது பூங்காவின் மலைச்சைக்கிள் தடங்களின் மொத்த நீளம். ஒரு கிளைத்தடத்தைத் தவிர்த்திருந்தாலும் உங்கள் சுற்று அதைவிடக் குறையும். முதலில் ஸ்ட்ராவா வரைபடத்தில் அதைச் சரிபாருங்கள்.

எல்லாவற்றையும் ஓட்டியிருந்தால், மீதிக் குற்றம் ஜிபிஎஸ் மேல்தான். 4 மீட்டர் ஆரத்தில் ஒரு அரைவட்டத் திருப்பம் என்று வையுங்கள். நீங்கள் உருட்டிய தூரம் 12.6 மீட்டர். மணிக்கு 8 கிமீ வேகத்தில் அதைக் கடக்க 5–6 நொடி. கருவி 6 நொடிக்கு ஒரு புள்ளி வைத்தால், இரு முனைகளையும் நேர்க்கோட்டில் இணைத்து 8 மீட்டர் என்று எழுதிவிடும். ஒரு திருப்பத்திலேயே நாலரை மீட்டர் காணாமல் போகிறது. மர அடர்த்தியில் சிக்னல் சிதறுவது தனி. நின்றுகொண்டிருக்கும்போது புள்ளி அலைந்து, போகாத தூரத்தைக் கூட்டுவதும் உண்டு.

செய்ய வேண்டியது: பதிவு இடைவெளியை 'ஒவ்வொரு நொடியும்' என்று மாற்றுங்கள். முடிந்தால் சக்கர அச்சில் மாட்டும் வேக சென்சார் ஒன்று போடுங்கள். சுற்றளவைப் பட்டியலில் பார்த்து இடாமல் நீங்களே அளப்பது நல்லது. வழக்கமான காற்றழுத்தத்தில், நீங்கள் சீட்டில் உட்கார்ந்தபடி, வால்வு தரையை நோக்கி நிற்கும் இடத்தில் கோடு போட்டு மூன்று சுற்று நேராக உருட்டி, தூரத்தை மூன்றால் வகுங்கள். 29×2.25 டயருக்கு 2,280–2,300 மிமீ அளவில் வரும். 10 மிமீ பிசகினால் பிழை அரை விழுக்காட்டுக்கும் குறைவு, தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

'ஓடிய நேரம்' என்பதையும் முழுதாக நம்பாதீர்கள். செங்குத்தில் 3 கிமீ வேகத்தில் ஊர்ந்தால், கருவி நீங்கள் நின்றுவிட்டதாக எண்ணிக் கடிகாரத்தை நிறுத்தக்கூடும். ஒலிம்பிக் வகைக் குறுக்குநாட்டுப் போட்டியையே தூரத்தால் வரையறுப்பதில்லை. வெல்பவருக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்குமாறு சுற்றுகளின் எண்ணிக்கையை வைக்கிறார்கள். நீங்களும் 'ஒரு சுற்றுக்கு இத்தனை நிமிடம்' என்றே குறித்து வாருங்கள். கிமீ வேகம் சாலைக்காரர்களின் பழக்கதோஷம்.

பல்சக்கரம்:
சைக்கிள் விவரத்தைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் நேரம் கசிகிறது.

ஒன்று, 35 பிஎஸ்ஐ. 74 கிலோவுக்கு இது மிக அதிகம். கல்லாக இறுகிய டயர் வேரை அணைத்துப் போகாமல் அதன் மேல் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் பிடிமானமும் போகிறது, வேகமும் போகிறது. டியூப் இருக்கும்வரை முன்னால் 28, பின்னால் 30 வையுங்கள். அதற்கும் கீழே போனால் கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்மின் விளிம்பில் நசுங்கி இரட்டைத் துளை விழும். ரிம் அனுமதித்தால் டியூப் இல்லாத டியூப்லெஸ்ஸுக்கு மாறுங்கள்: முன்னால் 22, பின்னால் 24, டயருக்கு 100 மிலி சீலண்ட் (துளையை அடைக்கும் திரவம்). சிங்கப்பூர் வெக்கையில் அது சீக்கிரம் உலரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பம்பில் உள்ள மீட்டரை நம்பாமல் ஒரு தனி அழுத்தமானி வைத்துக்கொள்ளுங்கள், 3 பிஎஸ்ஐ பிழைகூட இங்கே தெரியும்.

இரண்டு, கியர். 32க்கு 42 பல் போட்டு, நிமிடத்துக்கு 60 முறை மிதித்தாலே 6.3 கிமீ வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் மிதி கனத்து, எழுந்து நின்று மிதிப்பீர்கள், ஈர வேரில் பின்சக்கரம் வழுக்கும், காலை ஊன்றுவீர்கள், அப்புறம் தள்ளுவீர்கள். 28 பல் செயின்ரிங் போட்டால் அதே மிதியில் 5.5 கிமீ போதும். 11–51 கேசட் 5.2 தரும், ஆனால் செயினை நகர்த்தும் டிரெய்லியர், கைப்பிடியில் உள்ள ஷிஃப்டர் எல்லாம் மாற்ற வேண்டிவரும். பணப்பைக்கு நல்லது செயின்ரிங்தான். கிராங்கில் (மிதியைத் தாங்கும் கை) அது பொருந்தும் முறையைப் பார்த்து வாங்குங்கள். செயினில் ஒரு ஜோடி கண்ணி கழற்றவும் வேண்டியிருக்கும்.

ஃபோர்க்: தடத்தில் நிற்கும் நிலையில் உங்கள் எடைக்கு 24–30 மிமீ அமுங்க வேண்டும். தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை வைத்து அளக்கலாம்.

ஈரவேர்:
மூவருக்கும் நன்றி. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், திருப்பங்கள் எல்லாம் கத்தரித்தது போல் இருக்கின்றன. தடம் எதையும் விடவில்லை. தெற்கில் இரண்டு ஏற்றத்தில் இறங்கித் தள்ளியிருக்கிறேன். ஓய்வுக்கு ஐந்து இடத்தில் நின்றதில் மொத்தம் 27 நிமிடம். அப்படியானால் ஞாயிறு?

கடைசியாள்:
அப்படியானால் 8.2ஐ 58 நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள்: 8.5. உங்களுக்குத் தடையாக இருப்பது அந்த எண் அல்ல, 27 நிமிட ஓய்வு.

"12 கிமீ" என்று அறிவித்தவரிடம் கேளுங்கள்: அது ஓடிய நேரத்துக்கா, மொத்த நேரத்துக்கா? எந்தத் தடத்தில் எடுத்த எண்? எங்கெங்கே நின்று கூடுவார்கள்? ஓடிய நேரத்தில் 12 என்றால் அவர்களுக்கு ஒரு சுற்று 41 நிமிடம். உங்களைவிட 17 நிமிடம் முன்னால். நான்கு இடத்தில் காத்திருந்தாலும் ஒவ்வொன்றிலும் நாலு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். யாரையும் விட்டுப்போகாத குழுவிலும் இதில் ஒரு கொடுமை உண்டு. முன்னால் போனவர்கள் இளைப்பாறி முடிக்கும்போதுதான் கடைசி ஆள் வந்து சேர்வார், அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதற்குள் "கிளம்பலாமா" என்பார்கள். ஓய்வு தேவையானவருக்கு மட்டும் ஓய்வு கிடைக்காது. நல்ல குழுத்தலைவர் கடைசி ஆள் வந்த பிறகு இரண்டு நிமிடம் எண்ணுவார்.

என் யோசனை: இந்த ஞாயிறு ஒரு சுற்று மட்டும் வருவதாக முன்கூட்டியே சொல்லிச் சேருங்கள். இரண்டாவது சுற்றுக்கு, ஓய்வை 10 நிமிடத்துக்குள் அடக்கி மொத்தம் 68–70 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கும் நாள் வரட்டும். அதற்கு வேகமாக ஓட்ட வேண்டியதில்லை, முதல் ஏற்றத்தை இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டும். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவு. நம் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடம்பு சூடேறிவிட்டால் நின்றாலும் இதயத்துடிப்பு சட்டென்று இறங்காது. மணிக்கு 500–750 மிலி தண்ணீர், ஒரு பாட்டிலில் உப்பு சேர்த்து.

வரிசையில் இரண்டாவது ஆளாக ஓட்டக் கேளுங்கள். முன்னால் இருப்பவர் எந்தக் கோட்டில் போகிறார், எங்கே பிரேக்கை விடுகிறார் என்பது தெரியும். இறக்கத்தில் அவருக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி. பின்னால் இருப்பவர் நெருக்கினால் அகலமான இடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள், ஓட்டிக்கொண்டே விட முயல வேண்டாம்.

புலாவ் உபின் தீவில் உள்ள கேத்தாம் தடத்துக்கு இதே குழு அழைத்தால் மட்டும் கணக்கை மாற்றிப் போடுங்கள். அங்கே வெயில் கூடுதல், சாங்கியிலிருந்து போகும் பம்போட்டில் (சிறு மோட்டார் படகு) 12 பேர் சேரக் காத்திருக்கும் நேரமும் உண்டு.

பல்சக்கரம்:
ஒன்று விட்டுப்போனது. சனி இரவு மழை பெய்திருந்தால் சுற்றுக்கு 8–10 நிமிடம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வேரைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும், அதன் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். ஈரத்துக்காக முன்டயரில் இன்னும் 2 பிஎஸ்ஐ குறைக்கச் சொல்வார்கள். டியூப்லெஸ்ஸுக்கு மாறும்வரை அதைக் கேட்காதீர்கள், மாற்று டியூப் ஒன்றும் டயர் லீவர் இரண்டும் பையில் இருக்கட்டும்.