கொழும்பிலேயே இருக்கலாமா, மட்டக்களப்புக்கு வந்துவிடலாமா?

உப்போடைப் பிள்ளை:
கொழும்பில் படிக்கிறேன், கடைசி வருடம். ஊர் மட்டக்களப்பு. அப்பா பறங்கியர், போர்த்துக்கேயர் வழி வந்தவர், அம்மா தமிழ், வீட்டில் கதைப்பது தமிழ். தெஹிவளைப் பக்கம் அறை தேடும்போது, போனில் எங்கள் போர்த்துக்கேயக் குடும்பப் பெயரைக் கேட்டதும் வீட்டுக்கார அம்மா சந்தோஷமாக இங்கிலீசில் கதைத்தார், முற்பணத்தைக்கூடக் குறைத்தார். மறுகா நேரில் போனோம். பொட்டும் சேலையுமாக நின்ற அம்மா, "தண்ணி எந்நேரமும் வருமா என்று கேள், பிள்ளை" என்று தமிழில் சொன்னதுதான் தாமதம், அறை "நேற்றே போய்விட்டது". ஊரிலும் என்னைப் "பறங்கிச்சி" என்று கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் எங்கே இருப்பது?

வாவிக்கரையான்:
தங்கச்சி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 83 கலவரத்தை விடுங்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அந்த நகரம்தான் இது. உங்கள் ஆட்கள் போர்த்துக்கேயம் கதைப்பது, கல்யாண வீட்டில் வயலின் வாசித்து காஃப்ரிஞா நடனம் ஆடுவது எல்லாம் இங்கே மட்டக்களப்பில்தான். கொழும்பில் இருந்தால் உங்களோடு அது முடிந்தது.

வெள்ளவத்தைவாசி:
அண்ணன் பாதியைத்தான் சொன்னார். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது, வழக்குப் போட்டதும் கொழும்பு ஆட்கள்தான். நானும் மட்டக்களப்புப் பக்கம்தான், களுவாஞ்சிகுடிக்காரன். ஊரில் ஒரு வீட்டுக்குள் போனால் தேத்தண்ணி வருவதற்கு முதல் "என்ன குடி?" என்று வம்சத்தைக் கேட்கிற கேள்வி வந்துவிடும். இங்கே கொழும்பில் மேல்மாடிக்காரருக்கு என் பெயரே தெரியாது, அது எவ்வளவு நிம்மதி என்று போய்ப் பார்த்தால்தான் விளங்கும். சரி, அண்ணன், தச்சுவேலை செய்கிற பறங்கிப் பொடியனுக்கு உங்கள் மகளைக் கட்டிக்கொடுப்பீர்களா?

வாவிக்கரையான்:
கல்யாணப் பேச்சை ஏன் இழுக்கிறீர்கள்? ஊரில் கேலி செய்வார்கள்தான், செத்த வீட்டுக்கும் அவர்கள்தான் வருவார்கள். சுனாமியில் பறங்கியர் இருந்த டச்பார் பகுதி அழிந்தபோது ஓடிப்போய்த் தூக்கியது அக்கம்பக்கம்தானே? இங்கே முகம் தெரிந்த ஆட்கள் யாரும் யாரையும் துரத்தவில்லை.

காத்தான்குடி ராத்தா:
துரத்தவில்லையா? 1990 ஓகஸ்டில் எங்கள் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டது கொழும்பிலா? அது யுத்தம் என்பீர்கள். 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு அரசாங்கம் தடுத்தது முகத்திரையை. நான் முகம் மூடுகிறவளே இல்லை, முக்காடு மட்டும்தான். மட்டக்களப்பு டவுனில் வழக்கமாகத் துணி எடுக்கிற கடையின் வாசலில் மறித்து, பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார்கள், மருந்துச் சீட்டு, சில்லறை எல்லாம் மேசையில். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்கள் பையோடு உள்ளே போனார்கள். சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் செத்த ஊர், பயம் எனக்கும் விளங்கும். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு என் கல்யாணச் சேலை எடுத்த நாளிலிருந்து என்னைத் தெரியும். முகம் தெரிந்து என்ன பிரயோசனம்?

உப்போடைப் பிள்ளை:
ராத்தா கேட்டதற்கு வாவிக்கரை அண்ணன் பதில் சொல்லட்டும். நான் மொழிக் கதைக்கு வருகிறேன். அப்பம்மா போர்த்துக்கேயம் சரளமாகக் கதைப்பார், அப்பாவுக்கு விளங்கும், எனக்கு ஏச்சு மட்டும் விளங்கும். இது நான் கொழும்புக்கு பஸ் ஏறுவதற்கு முன்னமே ஊரில், சின்ன உப்போடையிலேயே நடந்தது. வெளியே கதைத்தால் சிரிப்பார்கள் என்று வீட்டுக்குள்ளும் விட்டுவிட்டோம். ஊர்ப்பாசத்தில்தான் மட்டக்களப்பில் நின்றோம் என்றும் நினைக்காதீர்கள். 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு கொழும்புப் பறங்கியர் நிறையப் பேர் அவுஸ்திரேலியா போனார்கள். அப்போது அங்கே வெள்ளையருக்குத்தான் இடம், ஐரோப்பியப் பூர்வீகத்தைக் காட்ட வேண்டும். தச்சராகவும் கொல்லராகவும் இருந்த எங்கள் ஊர்ப் பறங்கியரிடம் அதற்கேற்ற நிறமும் இல்லை, காசும் இல்லை.

வெள்ளவத்தைவாசி:
அப்போ முடிவு?

உப்போடைப் பிள்ளை:
வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே. அப்பம்மா கதைப்பதை லீவில் வந்து போனில் பதிந்து வைப்பேன், அதற்கு ஊரில் குடியிருக்கத் தேவையில்லை.

வாவிக்கரையான்:
வேலை இங்கேயும் இருக்கிறது, நீங்கள் தேடவில்லை.

வெள்ளவத்தைவாசி:
எங்கே அண்ணன்? ஒன்றைக் காட்டுங்கள், நானே விண்ணப்பிக்கிறேன்.